இடது பின்சக்கரம்

தேத்தண்ணி வேண்டாம், இன்ஸ்பெக்டர். எதிர்க்கடையில் இப்போதுதான் பாலில்லாமல் ஒரு தே ஓ குடித்துவிட்டு வந்தேன். இந்த வயதில் இரண்டாவது குவளை உள்ளே போனால் நெஞ்சு கரிக்கிறது.

நீங்கள் போனில் கூப்பிட்டபோது பட்டறையில் ஒரு லோரிக்கு அடியில் படுத்திருந்தேன். "அங்கிள், குமுதான்னு ஒரு அம்மா வந்திருக்காங்க. தன்னைப் புடிச்சு உள்ள போடச் சொல்லி அடம் புடிக்கிறாங்க. ஒங்க பேர மட்டும்தான் சொல்றாங்க, கொஞ்சம் வந்து சமாதானம் பண்ணிக் கூட்டிட்டுப் போங்க" என்றீர்கள். கையைக் கூடச் சரியாகக் கழுவாமல் வந்துவிட்டேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் ஒரு துணிப்பை. அதில் மாற்றுத்துணி, துண்டு, பல்துலக்கி எல்லாம் எடுத்து வைத்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும், "வந்துட்டீங்களாண்ணே. இவங்க எழுதிக்க மாட்டேங்கிறாங்கண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்க" என்றாள்.

சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தேன். நீங்கள் அந்தப் பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினொரு மாதத்துக்கு முன்னால் செமோர் பக்கத்தில், மூடிப்போன ஒரு ரப்பர் தோட்டத்தில், கோகிலன் என்ற மெக்கானிக் ஜீப் மோதி இறந்துபோனான். உங்கள் கோப்பில் விபத்து என்று இருக்கும். அவன் மனைவிதான் வெளியே உட்கார்ந்திருக்கிறவள். சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்திருந்த கல்லை நான்தான் எடுத்தேன், அதனால்தான் வண்டி உருண்டது, என் புருஷனை நானே கொன்றுவிட்டேன் என்று அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள். இந்தப் பதினொரு மாதமாக அவள் வேறெதையும் சொல்லவில்லை. கல்லை அவள் எடுத்தது நிஜம். மீதியை நான் சொல்கிறேன்.

என் பெயர் பத்துமலை. ஈப்போ புந்தோங்கில் முப்பத்தோரு வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். துருவேறிப் பிடித்துக்கொண்ட சாமானைக் கழற்றுவது எனக்குக் கைவந்த வேலை. மற்றவர்கள் எடுத்த எடுப்பில் சம்மட்டியைத் தூக்குவார்கள், இல்லாவிட்டால் கிரைண்டரைப் போட்டு அறுத்துவிடுவார்கள். நான் டீசலும் கியர் எண்ணெயும் கலந்து ஊற்றி, சின்னச் சுத்தியலால் சுற்றித் தட்டிவிட்டு, எழுந்து வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். மறுநாள் மறுபடி ஊற்றுவேன், மறுபடி தட்டுவேன். எண்ணெய் உள்ளே இறங்க நாளாகும். ஒரு வாரம் ஆனாலும் உடைக்காமல் எடுத்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், பிற்பாடு தேவைப்படும்.

கோகிலன் பத்து வருஷத்துக்கு முன்னால் என்னோடு கூட்டுச் சேர்ந்தான். என்னைவிடப் பதினான்கு வயது இளையவன். நல்லவன். அவனைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என் நாக்கு அழுகிப்போகும். என் மனைவி சரளா காலமானபோது ஆஸ்பத்திரியில் பிரேதத்தை வாங்கியதிலிருந்து பதினாறாம் நாள் காரியம் வரை எல்லாவற்றையும் அவன்தான் ஓடியாடிச் செய்தான். குமுதா மூன்று வேளையும் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பினாள். அப்போது என் பெண் தினேஸ்வரிக்குச் சித்தியவானில் வாத்தியார் வேலை கிடைத்த புதிது, அவளால் லீவு போட்டு வந்து தங்க முடியவில்லை. எனக்கு அந்த நாளில் இருந்த சொந்தம் அவர்கள் இரண்டு பேர்தான்.

ஆனால் அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்த வேலை செய்தாலும் போனில் வீடியோப் படம் பிடித்து நெட்டில் போடுவான். பழைய நாலு சக்கர இழுவை வண்டிகளைப் பழுது பார்த்துக் காட்டில் ஓட்டுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது, அவர்கள் எல்லாரும் பார்ப்பார்கள். படத்தில் வேலை செய்கிற கை என் கையாக இருக்கும், பேசுகிற முகம் அவன் முகமாக இருக்கும். எனக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை. எனக்குப் பேச வராது. அவன் எனக்குக் 'கராட் அண்ணே' என்று பெயர் வைத்தான். மலாயில் கராட் என்றால் துரு, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெயருக்கும் நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு நாள் ஒரு போல்ட்டைக் கழற்றும்போது தலை முறிந்து என் கையோடு வந்துவிட்டது. யாருக்கும் நடப்பதுதான். முறிந்த துண்டைப் பிடித்துக்கொண்டு நான் முழித்த முழியை அவன் எடுத்துப் போட்டுவிட்டான். கீழே, 'கராட் அண்ணே தோத்துட்டாருலா' என்று எழுதியிருந்தான். அது எங்கெங்கோ போனது. ஈப்போவில் ஒரு கல்யாண மண்டபத்தில் முன்பின் தெரியாத ஒருவன் சாப்பாட்டு மேசைக்கு வந்து, "அண்ணே, அந்த மூஞ்சிய ஒரு தடவ காட்டுங்கண்ணே" என்றான். இலையில் சோறு, பக்கத்தில் கல்யாண வீட்டுச் சம்பந்திமார். நானும் காட்டினேன், எல்லாரும் சிரித்தார்கள். தினேஸ்வரி போன் பண்ணி, "அப்பா, அத எடுக்கச் சொல்லுங்கப்பா, எங்க ஸ்கூல்ல பிள்ளைங்க பாக்குதுங்க" என்றாள். கோகிலனிடம் சொன்னேன். "சும்மா வெளாட்டுக்குத்தான்லா அண்ணே. ஒங்களத்தான் எல்லாருக்கும் புடிக்குது, என்ன எவன் பாக்குறான்" என்று தோளில் கை போட்டான். அவன் அப்படித்தான் நம்பினான். படத்தை எடுக்கவில்லை.

இதற்காகவா என்று கேட்காதீர்கள். எனக்கே சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் பதினொரு மாதம் ஆனது.

அந்த ஜீப்புக்கு வருகிறேன். தோட்டத்து மானேஜர் வைத்திருந்த வண்டி. தோட்டம் மூடினபோது அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது அங்கே பாதி செம்பனை, பாதி புதிதாகக் கட்டின தாமான் வீடுகள். ரப்பர் பால் காய்ச்சின பழைய ஸ்டோர் கட்டடம் மட்டும் கூரை போய் நிற்கிறது. அதன் பின்னால் சரிவில் ஒரு கொட்டகை, கொட்டகைக்குள் வண்டி. முகம் பள்ளத்தைப் பார்த்திருக்கும். அதற்கு நேர் கீழே, ஒரே எட்டு தள்ளி, முன்காலத்தில் பால் ஊற்றி வைத்த சிமெந்துத் தொட்டி. நிலத்தை வாங்கினவர்கள் குப்பையை எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கோகிலனுக்குத் தலைகால் புரியவில்லை. பழுது பார்த்து, கேமரன் மலைப் பாதையில் குமுதாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்ட வேண்டும் என்பான்.

முப்பது வருஷமாக நின்ற வண்டி. நான்கு சக்கரமும் இறுகிப்போயிருந்தன. இழுவை லோரியில் ஏற்ற வேண்டுமானால் சக்கரம் உருள வேண்டும். முதல் நாளே நான்கு சக்கரத்துக்கும் முன்னால் நானே பெரிய கல்லாகப் பார்த்து முட்டுக்கொடுத்தேன். சரிவில் நிற்கும் வண்டிக்கு முதல் வேலை அது. பிறகு கியர்பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டுகளைக் கழற்றிவிட்டோம். அந்தக் காலத்து ஜீப்பில் அதைக் கழற்றினால் கைபிரேக் இருந்தும் இல்லாததுபோலத்தான். மூன்று வாரத்தில் மூன்று சக்கரத்தை இளக்கி உருளவைத்துவிட்டேன். இடது பின்சக்கரம் மட்டும் வரவில்லை. பிரேக் கட்டை டிரம்மோடு ஒட்டி ஒரே இரும்பாகியிருந்தது. கோகிலன் இரண்டு சனிக்கிழமை காஸ் அடுப்பு வைத்துச் சூடுகாட்டி, சம்மட்டியால் அடித்து, வாய்க்கு வந்தபடி திட்டிப் பார்த்தான். பிறகு, "விடுங்கண்ணே, அடுத்த வாரம் கிரைண்டர் கொண்டாறேன், அறுத்துப் போட்டுருவோம்" என்றான். நான் கெஞ்சாத குறையாக ஒரு வாரம் தவணை கேட்டேன். வாரம் முழுக்க வேலை முடிந்ததும் மோட்டார்சைக்கிளில் தனியாகப் போய் எண்ணெய் ஊற்றிவிட்டு வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் லோரி வருவதாக ஏற்பாடு. குமுதா காலையிலேயே பூஜைத் தட்டோடு வந்துவிட்டாள். வண்டி முதல்முதலாக நகரும்போது எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி நகர வேண்டும் என்பது நம் ஆட்களின் வழக்கம், உங்கள் காருக்கும் செய்திருப்பீர்கள். சக்கரம் கழன்ற பிறகு, லோரி வந்த பிறகு வைக்க வேண்டியது. ஆனால் ராகு காலம் வந்துவிடும், அதற்குள் வைத்துவிட வேண்டும் என்றாள். அவளுக்கு வேலைக்கும் போக வேண்டியிருந்தது. ஜாக்கில் தூக்கி வைத்திருந்த பின்சக்கரத்தைப் பழத்துக்காகத் தரையில் இறக்கினேன். நான்கு சக்கரத்துக்கு முன்னாலும் என் கல் இருந்தது.

"அண்ணே, இந்தக் கல்லெல்லாம் எடுத்துறட்டா? பழம் வைக்கணும்."

"எடு தங்கச்சி. முப்பது வருசமா நகராத வண்டி, இப்ப எங்க போவப் போவுது."

இதைச் சொன்னது நான். அன்று மாலை உங்களுக்கு முன்பிருந்த இன்ஸ்பெக்டர் கேட்டபோது, "நான்தான் கல்ல எடுத்தேன்" என்று மட்டும் குமுதா சொன்னாள். நான் எடுக்கச் சொன்னது அவளுக்கு மறந்துவிட்டதா, என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று விட்டாளா, இன்றுவரை கேட்டதில்லை. நான் பக்கத்தில் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

கல்லை எடுத்துப் பழம் வைத்து, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, எல்லாருக்கும் விபூதி பூசிவிட்டு அவள் போய்விட்டாள். அங்கே காவலுக்கு இருந்த ஜாகா பிச்சைமுத்து வாசல் கேட்டுப் பக்கம் போய்விட்டார். நான் மறுபடி ஜாக் வைக்கப் போனேன். "ஏத்தாதீங்கண்ணே, பூசை போட்டது. பழம் நசுங்காம எடுத்தா அவ என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா" என்று கோகிலன் சிரித்தான். கல்லையாவது வைத்திருக்கலாம். நான்கு கல்லும் என் கால்பக்கம்தான் கிடந்தன. எப்படியும் கழலாது என்று அவன் நினைத்தான். நான் கழலும் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

அவன் வண்டிக்கு முன்னால், தொட்டிச் சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை மடித்து உட்கார்ந்து, லோரிக்காரன் கொக்கி மாட்டுகிற இடத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தான். போனைச் சுவர்மேல் நிறுத்தி வைத்துப் பேசிக்கொண்டே செய்தான். நான் பின்னால் சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்திருந்தேன். பின்பக்கத் தகட்டில் ஒரு சதுரத்தலை ஆணி இருக்கும், அதைத் தளர்த்தினால் பிரேக் கட்டை விலகும். மூன்று வாரமாக அசையாத ஆணி அன்று ஸ்பானருக்கு அசைந்தது. அரைச் சுற்று தளர்த்திவிட்டு டிரம்மைச் சுற்றித் தட்ட ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரத்தில் எலுமிச்சை வாசனை வந்தது. திரும்பிப் பார்த்தேன். பழம் வெடித்துச் சாறு மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. சக்கரம் ஒரு விரற்கடை நகர்ந்திருக்கிறது. ஏதோ ஒரு பொட்டுத் துரு மட்டும் வண்டி முழுவதையும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இதை என்னைத் தவிர வேறு யார் பார்த்தாலும் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது.

தட்டுவதை நிறுத்தினேன். "தம்பி, எந்திரிச்சு வெளிய வா" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதுவரை நான் உங்கள் எல்லாரையும் போல ஒரு மனுஷன்தான்.

அப்போது அவன் போனைப் பார்த்துப் பேசுவது கேட்டது. "கராட் அண்ணே இன்னும் தட்டிக்கிட்டேதான் இருக்காரு மக்களே. பொறுமையின் சிகரம்லா. மத்தியானம் நான் கிரைண்டர் போட்டு ரெண்டே நிமிசத்துல அறுத்துக் காட்டுறேன், அப்ப பாருங்க அவரு மூஞ்சிய."

நான் கூப்பிட்டிருந்தால் அவன் எழுந்து வருவான். போனைத் தூக்கிக்கொண்டு வருவான். கடைசித் தட்டு அவன் தட்டுவான், மக்களே கழட்டிட்டோம் என்பான். என் மூன்று வார எண்ணெய் அவன் வாயில் போய்விடும். இதைத்தான் யோசித்தேன். வேறொன்றும் யோசிக்கவில்லை. அவன் செத்துப்போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்பது எனக்குத் தெரியும். இரண்டும் உண்மை, இரண்டையும் எழுதுங்கள்.

அந்தப் படம் உங்களிடம் இருக்கிறது. சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேளுங்கள். அவன் பேசுவதற்குக் கொஞ்சம் முன்னால் சுத்தியல் நின்றிருக்கும். நாற்பது விநாடி நின்றிருக்கும். பிறகு மூன்று தட்டு கேட்கும். முதல் இரண்டும் மெதுவாக இருக்கும், மூன்றாவது அப்படி இருக்காது.

வண்டி வேகமாகப் போகவில்லை. ஆள் நடக்கிற வேகம்கூட இல்லை. ஆனால் அத்தனை எடை. தொட்டிச் சுவரில் மோதினபோது போன் கீழே விழுந்து உடைந்துவிட்டது, அதுவரை பதிவானது மட்டும்தான் மிஞ்சியது, ஆகவே இனி நான் சொல்வதற்குச் சாட்சி கிடையாது. சொல்லாமலே விட்டுவிடலாம். சொல்கிறேன்.

நான் எழுந்து முதலில் சக்கரத்தைத்தான் பார்த்தேன். டிரம்மில் ஒரு கீறல் இல்லை, ஒரு போல்ட் முறியவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அப்புறம்தான் முன்னால் போனேன். அவனுக்கு நினைவு இருந்தது. மார்புக்குமேல் பம்பர் இருந்தது. "அண்ணே, பின்னால தள்ளுண்ணே" என்றான். சத்தமே வரவில்லை. நான் அவனிடம் என்ன சொன்னேன் தெரியுமா?

"பாத்தியா தம்பி, கழண்டுருச்சு" என்றேன்.

ஜாக் ஏழெட்டு அடி தள்ளிக் கிடந்தது. நான் போய் எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பிச்சைமுத்து சத்தம் கேட்டு ஓடிவந்து கத்தினபோதுதான் கை வேலை செய்தது. இரண்டு பேருமாகத் தள்ளி, முட்டுக்கல் வைத்து, அவனை இழுத்துப் போட்டோம். ஆம்புலன்ஸ் வந்தது. ஈப்போ வந்து சேருவதற்குள் போய்விட்டான்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் குமுதா வீட்டுக்குப் போகிறேன். அரிசி, மீன், காய்கறி வாங்கிக்கொண்டு போவேன். அவள் சமைப்பதில்லை, நானே சமைத்து வைத்துவிட்டு வருவேன். சாமிப் படத்தையெல்லாம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறாள். இந்தக் கைதான், இந்தக் கைதான் என்று கையைக் கழுவிக்கொண்டே இருப்பாள். விரலெல்லாம் வெடித்துப்போயிருக்கிறது, வெளியே போய்ப் பாருங்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வாரமும் ஒரே வார்த்தையைச் சொல்லித் தேற்றுவேன்: "நீ தெரியாமத்தானே தங்கச்சி கல்ல எடுத்த. மனசறிஞ்சா செஞ்ச?" உடனே அழுவாள். அழுதால் மனப்பாரம் குறையும் என்று நினைத்துக்கொள்வேன். நாற்பத்தேழு வெள்ளிக்கிழமை இந்த ஆறுதலைச் சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்லச் சொல்லத்தான் அவள் அதை நம்பினாள். இன்று பையைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து உட்காரும் அளவுக்கு நம்ப வைத்தது என் வாய்தான்.

அவளுக்காகவே போனேன், பாவம், அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று இத்தனை நாளும் எனக்கே சொல்லிக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னைப் பார்த்து, கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான் என்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இதையும் எழுதுங்கள்.

அவ்வளவுதான். கோகிலனைக் கொன்றது நான். கல்லால் அல்ல, பழத்தால் அல்ல, மூன்றாவது தட்டால். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். எண்ணெய்க் கறை பட்டுவிட்டது, மன்னியுங்கள்.

அவளிடம் யார் சொல்வது என்று கேட்கிறீர்கள். சொல்லத்தான் வேண்டும், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கு வேண்டாம், இன்ஸ்பெக்டர். காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடித்திருக்கமாட்டாள். முதலில் நான் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு வாய் சோறு சாப்பிட வைத்துவிட்டு, சாயங்காலத்துக்குள் வந்துவிடுகிறேன். ஓடமாட்டேன். கூட ஆள் அனுப்புவதென்றால் வாசலோடு நிற்கச் சொல்லுங்கள், யூனிபார்மைப் பார்த்தால் பயந்துவிடுவாள். நீங்கள் யார் போய்க் கூப்பிட்டாலும் அந்தப் பெஞ்சை விட்டு எழுந்திருக்கமாட்டாள். நான் கூப்பிட்டால் வந்துவிடுவாள்.